போகிக் குவியலைக் கொளுத்தும் முன் ஒரு நிமிடம்: முள்ளெலி

(காட்சி: இரவு. வரப்போரம் டார்ச் வெளிச்சம். சுருண்டு கிடக்கும் முள்ளெலி.)

வெளிச்சம் பட்டதும் எப்படிச் சுருண்டுகொண்டது, பார்த்தீர்களா? இதுதான் முள்ளெலி. முள்ளம்பன்றிக் குட்டி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். அது வேறு இனம், இது வேறு. மதுரையைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளிலும் முள்காடுகளிலும் வண்டு, கரையான், வெட்டுக்கிளி தின்று வாழ்கிறது. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த இனம் கிடையாது.

(காட்சி: பனி விழுந்த தோட்டம்.)

இங்கிலாந்து முள்ளெலி நவம்பர் வாக்கில் இலைக்குவியலுக்குள் புகுந்து மார்ச் வரை உறங்கும். அங்கே நவம்பர் 5 இரவு, நம் சொக்கப்பனை மாதிரி பெரிய நெருப்பு மூட்டுவார்கள். உள்ளே முள்ளெலி உறங்கலாம் என்பதால் குவியலைக் கலைத்துப் பார்த்த பிறகுதான் தீ வைக்கச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் அவ்வளவு குளிர் ஏது? ஆனால் நெருப்பு இங்கேயும் உண்டு. மார்கழி கடைசியில் போகி. அப்புறம் வேலி முள்ளையும் சருகையும் கூட்டி எரிக்கிற வழக்கம். முள்ளெலி இரவில்தான் இரை தேடும். பகலில் இப்படிப்பட்ட மறைவில் படுத்திருக்கும். ஆபத்து வந்தால் ஓடாது, சுருண்டுகொள்ளும். நரிக்கு அது போதும். தீக்குப் போதாது.

(காட்சி: சருகைக் கவைக்கம்பால் தூக்கிப் பார்க்கும் பெண்.)

அதனால் குவியலை எரிக்கிற அன்றைக்கே கூட்டுங்கள். முன்பே கூட்டியிருந்தால், கம்பால் மெதுவாகத் தூக்கி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத் தீ வையுங்கள். வேலியோரம் ஒரு மூலையை மட்டும் எரிக்காமல் அப்படியே விட்டால் இன்னும் நல்லது.

வீட்டுப் பக்கம் வந்துவிட்டால் பாவம் என்று பால் வைக்காதீர்கள். பால் அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்துவிடும். தட்டையான தட்டில் தண்ணீர் போதும். அடிபட்டிருந்தால் துணியைப் போர்த்தி எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்து, வனச்சரக அலுவலகத்துக்கோ கால்நடை மருத்துவருக்கோ தகவல் சொல்லுங்கள். வளர்க்க எடுத்துப் போக வேண்டாம்.

(காட்சி: ஆரம்ப சுகாதார நிலைய வாசல்.)

இன்னொன்று. முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தால் கக்குவான் இருமல் போகும் என்று பிடித்துக் கொல்கிறார்கள். பிள்ளைக்காகத்தான் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் முள்ளும் நம் நகமும் ஒரே பொருள்தான். அதைச் சுட்ட சாம்பலில் மருந்து இல்லை. கக்குவானுக்கான தடுப்பூசி பிறந்த 6, 10, 14 வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதை முதலில் சொல்லுங்கள்.