1936: உட்கார்ந்து வாங்கிய விடுமுறை

விழாத் தலைவர் அவர்களே, சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, மூத்த ஆலைத் தொழிலாளர்களே, தாய்மார்களே! பொன்னாடைக்கும் மாலைக்கும் நன்றி. பெயர் விடுபட்ட பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

1936-ஆம் ஆண்டுப் பிரான்சைப் பற்றி மூன்று சேதி சொல்வேன்: வேலைநிறுத்தம், சட்டம், பிராங்கு நாணயத்தின் சரிவு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

மே 3-ல் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. அதன் தலைவர் லியோன் புளூம் ஆட்சி அமைத்ததோ ஜூன் 4-ல். அதுவரை தொழிலாளி காத்திருந்தானா? மே 11. லெ ஆவ்ர் துறைமுகம். பிரெகே விமான ஆலை. மே தினத்தில் வேலைக்கு வராத இருவரை நீக்கிவிட்டார்கள். மற்றவர்கள் வெளியே போய்க் கொடி பிடிக்கவில்லை; ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்! வாசலுக்கு வெளியே நின்றால் முதலாளி கதவைப் பூட்டுவார், புது ஆளை இறக்குவார். உள்ளே இருந்தால்? எந்திரம் பக்கத்தில், பாதி முடிந்த சரக்கு பக்கத்தில். போலீசை ஏவினால் நட்டம் யாருக்கு? மேயர் ஓடி வந்து சமரசம் பேசினார். இருவருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. ஜூனில் ஏறத்தாழ 12,000 வேலைநிறுத்தங்கள், 18 லட்சம் பேர்! வெளியிலிருந்து சாப்பாடு போனது, உள்ளே அக்கார்டியன் வாசித்து ஆடினார்கள். எந்திரத்துக்கும் அவர்களே காவல்.

ஜூன் 7 இரவு பிரதமரின் மத்தினியோன் மாளிகையில் முதலாளிகளுக்கும் சங்கத்துக்கும் ஒப்பந்தம்: கூலி உயர்வு 7 முதல் 15 சதவீதம். ஜூன் 20 சட்டம்தான் எனக்கு முக்கியம். ஓராண்டு வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் 15 நாள் விடுமுறை, அதில் 12 நாள் வழக்கமாக வேலை இருக்கும் நாள். 'பணம் தருகிறேன், விடுமுறையை விட்டுக்கொடு' என்று எழுதி வாங்கினால் அந்த ஒப்பந்தமே செல்லாது. ஓட்டையை அடைத்த இடம் இதுதான், ஐயா! விளையாட்டு, ஓய்வுநேரத் துறையைக் கவனித்த லெயோ லக்ராஞ்சு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் குறைத்தார். கடலையே பார்த்திராத குடும்பங்கள் கடற்கரைக்குப் போயின.

பிரெஞ்சுக் கொடி பறந்த நம் புதுச்சேரியில்? அதே ஆண்டு ஜூலை 30, சவானா பஞ்சாலை, வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு, பன்னிரண்டு உயிர். இங்கே அழுத பிள்ளைக்குக் குண்டு! எட்டு மணி நேர வேலை அதற்குப் பிறகுதான் சட்டமானது.

பிராங்கு பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். ஒப்பந்தத் தொழிலாளருக்கு வருகிறேன். 1948 தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தால்தான் சம்பளத்துடன் விடுமுறை என்று கணக்கு வைத்திருந்தது. 230-ஆம் நாள் ஆளை நிறுத்தி, புது ஆளாகச் சேர்த்தபோது விடுமுறை எங்கே போனது? வாசலில் மனு இருக்கிறது. சேர்ந்த தேதி, நிறுத்திய தேதி, ஒப்பந்தக்காரர் பெயர் மூன்றையும் எழுதி, சம்பளச் சீட்டு நகலோடு கையெழுத்திடுங்கள். நகல் இல்லாதவர் வருகைப் பதிவைப் போட்டோ எடுத்து வையுங்கள்.