அடுப்பு புகையுதா? சிம்னி ஏன் இழுக்க மாட்டேங்குதுன்னு பாப்போம்

வணக்கம் மக்களே. விறகு அடுப்போட கதவைத் திறந்தா புகை மொத்தமும் ரூமுக்குள்ள வருதா? உடனே அடுப்பை மாத்தணும்னு முடிவு பண்ணாதீங்க. புகை எப்போ வருதுன்னு மட்டும் முதல்ல கவனிங்க, பாதி பதில் அதுலயே கிடைச்சிரும்.

பத்த வைக்கும்போது மட்டும் புகைஞ்சு கொஞ்ச நேரத்துல சரியாயிடுதுன்னா சிம்னி குளிர்ந்து கிடக்குன்னு அர்த்தம். சூடான காத்து லேசு, அது மேல ஏறுறதாலதான் கீழருந்து இழுப்பு வருது, ஆனா குழாய்க்குள்ள குளிர்ந்த காத்து மூடி போட்ட மாதிரி கனமா நின்னா புகை எங்க போகும், நம்ம பக்கம்தான் திரும்பும். வீட்டுச் சுவருக்கு வெளிய ஏறுற சிம்னில இந்தத் தொல்லை ரொம்பவே அதிகம். டேம்பரை, அதாவது குழாயைத் திறந்து மூடுற தகடை, முழுசா திறந்துட்டு, ஒரு பேப்பரைச் சுருட்டிப் பத்தவச்சு, அடுப்புக்குள்ள மேல குழாய் ஆரம்பிக்கிற இடத்துகிட்ட பிடிங்க. மொதல்ல தீ தயங்கித் தயங்கி ஆடும், அப்புறம் நேரா மேல நீளும் பாருங்க, அப்போ சுள்ளியைப் பத்த வைக்கலாம்.

எந்நேரமும் புகையுதா? கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேனை ஆஃப் பண்ணிட்டு பக்கத்து ஜன்னலை ரெண்டு விரக்கடை திறங்க. புகை நின்னுட்டா அடுப்பு மேல குத்தமே இல்ல, வீட்டுக்குள்ள காத்து பத்தல. இறுக்கமா அடைச்சுக் கட்டின வீட்டுல அடுப்புக்குன்னு தனியா ஒரு காத்துக் குழாய் வெளியருந்து கொண்டு வர்றதுதான் சரியான வழி.

முன்னாடி நல்லா இழுத்துட்டு இப்போ வரவர மோசமாகுதுன்னா அடைப்புதான். சிம்னி உச்சில இருக்கிற மூடியோட வலையைப் பாருங்க, கரி அப்பிக்கிட்டு கண்ணெல்லாம் அடைஞ்சிருக்கும். இதுக்கு மூல காரணம் பெரும்பாலும் ஈர விறகுதான்! ஈர விறகு எரியிறப்போ புகை சூடில்லாம மெதுவா ஏறி, குழாய்ச் சுவர்ல தார் மாதிரி கிரியோசோட்டா படியும், அது தீப்பிடிச்சா வீட்டையே கொண்டுபோயிடும். விறகுல ஈரம் 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும். மீட்டர் வச்சுப் பாக்குறவங்க கட்டையை அப்பவே பிளந்து உள்பக்கம் குத்திப் பாருங்க, வெளிப்பக்கம் காஞ்ச மாதிரியே காட்டும். சிம்னியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆள் வச்சு சுத்தம் பண்ணிருங்க, இதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

காத்தடிக்கிற நாள்ல மட்டும் புகை திரும்புதுன்னா உயரத்தைப் பாருங்க. கூரையைத் துளைச்சு வர்ற இடத்துலருந்து குறைஞ்சது 3 அடி, அப்புறம் சுத்தி 10 அடி தூரத்துக்குள்ள இருக்கிற கூரை எதுவா இருந்தாலும் அதைவிட 2 அடி உசரம் இருக்கணும். நடுவுல வளைவு நிறைய இருந்தாலும் இழுப்பு குறையும்.

இன்னொண்ணு, புகை உள்ள வருதுன்னா கார்பன் மோனாக்சைடும் வருதுன்னுதான் எடுத்துக்கணும், அதுக்கு வாசனையே கிடையாது. அதைக் கண்டுபிடிக்கிற அலாரம் கண்டிப்பா மாட்டுங்க. தலைவலி, குமட்டல், மயக்கம்னு வந்தா அடுப்பை நோண்டிட்டு நிக்காம எல்லாரையும் கூட்டிட்டு வெளிய வந்துருங்க, அங்கருந்து அவசர உதவிக்கு ஃபோன் பண்ணுங்க.