கன்னியாவில் அழுத அரக்கன்

(வாசிப்பு மாதத்தையொட்டித் திருகோணமலையில் பெற்றோரும் மாணவரும் கூடியிருந்த அவையில் ஓர் ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். பின்னுக்குச் சுவரோடு சாய்ந்து நிற்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்றைய பேச்சு உங்களைப் பற்றியது. ஆனால் நான் கூடுதலாகக் கதைக்கப்போவது முன்வரிசையில் இருக்கிற உங்கள் அம்மா அப்பாவோடுதான்.

போன மாதம் ஒரு தாய் என்னிடம் வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் ஒரு தடித்த புத்தகம். “ரீச்சர், இதைப் பாருங்கோ. முழுக்கச் சாவும் பேயும். சோதனை வருகுது, இவள் இரவிரவா இதை வாசிச்சு அழுறாள்” என்றார். “அழுத பிறகு என்ன செய்தவள்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தேத்தண்ணி கேட்டவள். குடிச்சிட்டு நித்திரையாப் போனாள்.” அந்தப் பிள்ளை அதற்கு முன் பல நாள் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்பதும் பிறகு பேச்சில் வந்தது.

அந்தத் தாயின் பயம் எனக்கு விளங்குகிறது. பதின்ம வயதினருக்கென்று எழுதப்படுகிற மாயக்கதைகளில் இன்று இருட்டு அதிகம்தான். தாயை இழந்த பிள்ளை வருகிறது, நிழல் துரத்துகிறது, நகரம் எரிகிறது, உயிர்த்தோழி திரும்பி வருவதில்லை. பிள்ளைகள் இவற்றை ‘டார்க் ஃபான்டசி’ என்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. ரியூசனுக்குப் போகிற பஸ்ஸிலும் ஃபோனில் அதைத்தான் வாசிக்கிறார்கள். சந்தோசமான கதை இல்லாமலா இதை எடுக்கிறார்கள் என்று கேட்கிறோம். சந்தோசமான கதை நிறைய இருக்கிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டு இதை எடுக்கிற பிள்ளைக்கு ஒரு காரணம் இருக்கும்.

என் காரணத்தைச் சொல்கிறேன். எனக்குப் பதின்மூன்று வயதில் அம்மா இறந்தார். மகரகம ஆஸ்பத்திரிக்கு இரண்டு வருடம் போய் வந்தார் என்று சொன்னால் என்ன வருத்தம் என்று இங்கே எல்லோருக்கும் விளங்கும்: புற்றுநோய். வீட்டில் எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால், “அம்மாவுக்குச் சுகம் வரும், நீ படி” என்பார்கள். செத்தவீட்டில்கூட என்னைப் பக்கத்து வீட்டில்தான் கூடுதலாக இருத்தினார்கள். இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு, வெந்நீர்க் கிணறுகள் இருக்கிற கன்னியாவுக்குப் போனோம். தம்பிக்கு ஒன்பது வயது, அவன்தான் கிரியை செய்தான். நான் வெந்நீர்க் கிணற்றுக் கட்டில் இருந்தேன். அப்போது அம்மம்மா அந்தக் கதையைச் சொன்னார்.

உங்களுக்கும் தெரிந்த கதைதான். இராவணன் தாய்க்காகக் கோணேசர் மலையையே பெயர்த்துக்கொண்டு போக வந்தான். அவன் வாளால் வெட்டிய வெட்டு இன்றும் கோணேசர் கோவில் இருக்கிற சுவாமி மலையில் இருக்கிறது. பிறகு விஷ்ணு ஒரு கிழவர் வேடத்தில் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்று அவனுக்குச் சொன்னார். தாய்க்கு இறுதிக்கடன் கழிக்கத் தண்ணீர் வேண்டுமென்று இராவணன் வாளை எடுத்து நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினான். ஏழு இடத்திலும் வெந்நீர் வந்தது. நான் அம்மம்மாவிடம், “இராவணன் அழுதவனா?” என்று கேட்டேன். “அழாமலோ பிள்ளை, தண்ணி சுடுகுது” என்றார்.

பத்துத் தலை அரக்கன் தாய்க்கு அழுதான் என்று கேட்ட பிறகுதான் நான் அழுதேன். அன்றுவரை அழவில்லை. ஆறுதல் சொன்ன பெரியவர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். எனக்கு வழி திறந்தது ஓர் அரக்கனின் கதையில்.

பல வருடம் கழித்து, ஆசிரியையான பிறகு, ‘எ மொன்ஸ்டர் கோல்ஸ்’ என்ற நாவல் கைக்கு வந்தது. 2011இல் வந்த புத்தகம். அதன் மூலக் கருத்து ஷிவோன் டௌட் என்ற எழுத்தாளருடையது. அவர் எழுதி முடிக்குமுன் 2007இல் புற்றுநோயால் இறந்துவிட்டார். அந்தக் கருவை வாங்கி பட்ரிக் நெஸ் எழுதினார். கொனர் என்ற பையனுக்குப் பதின்மூன்று வயது. தாய்க்குப் புற்றுநோய். நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடத்தில் யூ என்கிற ஓர் ஊசியிலை மரம் அரக்கனாக எழும்பி அவன் ஜன்னலுக்கு வருகிறது. மூன்று கதை சொல்வேன், நாலாவதை நீ சொல்ல வேண்டும், அது உன் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. தாய்க்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்தும் யூ மரத்திலிருந்து எடுத்ததுதான்.

அந்த உண்மை என்னவென்று சொன்னால் இன்னும் வாசிக்காத பிள்ளைகளுக்குக் கதை உடைந்துபோகும். மன்னித்துக்கொள்ளுங்கோ, சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தாய் பிழைக்க வேண்டும் என்று ஏங்குகிற அதே பையன், இது எப்போது முடியும் என்றும் நினைத்திருக்கிறான். காத்திருக்கிற வேதனை தாங்காமல். அப்படி நினைத்ததற்காகத் தனக்குத் தண்டனை வேண்டும் என்று நம்புகிறான்.

நானும் அப்படி நினைத்திருக்கிறேன். அம்மா இரவில் அனுங்குகிற சத்தம் கேட்கும்போது தலையணையைக் காதில் அமத்திக்கொண்டு, முடியட்டும் என்று நினைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. உலகத்தில் நான் ஒருத்திதான் அப்படி நினைத்த பாவி என்று இருந்தேன். எங்கோ இங்கிலாந்தில் நடக்கிற கதையில் ஒரு பையன் அதை வாய்விட்டுச் சொன்னபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் போய் இருந்தேன். அந்தப் புத்தகம் எனக்குப் பதின்மூன்று வயதில் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

இதை நேரடியாக ஒரு யதார்த்தக் கதையில் சொல்ல முடியாதா என்று ஒரு நண்பர் கேட்டார். முடியும். ஆனால் பயந்திருக்கிற பிள்ளை தன் முகத்தை நேரே பார்க்காது. அரக்கன் முகத்தைப் பார்க்கும். அது வேறு யாரோ என்று நினைத்துத்தான் துணிந்து பார்க்கும்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் கொடுக்கிற இன்னொரு புத்தகம் ஊர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஒஃப் எர்த்சீ’. முழுக்கத் தீவுகளும் தோணிகளும். கெட் என்ற இளைஞன் அகந்தையில் இறந்தவரை அழைக்கப்போய், ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவனைத் தீவு தீவாகத் துரத்துகிறது. அவனுடைய குரு சொல்வது, திரும்பு, நீ அதைத் துரத்து என்பதுதான். கடலின் கடைசியில் நிழலைப் பிடித்து, அவன் அதைக் கூப்பிடுகிற பெயர் தன்னுடைய பெயர். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு கடலுக்கு முதுகு காட்டியே நடந்த பிள்ளைகளை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் இந்தக் கதையை மூன்று நாளில் வாசித்தான். என்ன விளங்கியது என்று நான் கேட்கவில்லை. வாசிக்கிற பிள்ளையிடம் உடனே கேள்வி கேட்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இது வெள்ளைக்காரனின் பழக்கம், எங்களுடையது அல்ல என்கிறவர்களுக்கு மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தை நினைவூட்டுகிறேன். சார்ங்கலன் என்ற பையன் சுடுகாட்டு வழியே தனியே வருகிறான். பேய் ஆடுவதைக் காண்கிறான். வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டுச் செத்துவிடுகிறான். தாய் கோதமை அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் காவல் தெய்வமான சம்பாபதியிடம் மன்றாடுகிறாள்: என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைத் தா, கண் தெரியாத தகப்பனை இவன் பார்த்துக்கொள்வான். தெய்வம் முடியாது என்கிறது. எல்லாத் தேவரையும் கூப்பிட்டுக் காட்டுகிறது, ஒருவராலும் முடியாது. சாத்தனார் அந்தப் பையனை எழுப்பவே இல்லை. இந்தக் கதை சொல்லப்பட்ட அதே இரவில்தான் இளம்பெண் மணிமேகலையை மணிமேகலா தெய்வம் தூக்கிக்கொண்டுபோய் மணிபல்லவத்தில் தனியே விடுகிறது. எங்கள் புலவர்கள் இளையவர்களுக்கு இருட்டை மறைத்தவர்கள் அல்லர்.

இடையில் ஒன்று. உலகமே அறிந்த விஞ்ஞானப் புனைகதைக்காரர் ஆர்தர் சி. கிளார்க், 1956இல் நண்பர் மைக் வில்சனோடு சுவாமி மலையின் கீழே கடலில் சுழியோடினார். போர்த்துக்கேயர் இடித்த கோவிலின் கற்களை அடியில் கண்டார். மேலே நின்று தேங்காய் உடைக்கிறபோது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கோ. கற்பனைக் கதை எங்கோ வேறு நாட்டில் பிறப்பது என்ற நினைப்பு கொஞ்சம் குறையும்.

எல்லா இருட்டும் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. கொலையைச் சும்மா அலங்காரமாக அடுக்குகிற புத்தகங்கள் உண்டு. எனக்கு உண்மையான கோபம் வருவது, பெட்டையைப் பூட்டிவைக்கிற, மிரட்டுகிற பெடியனைப் பெரிய காதலனாகக் காட்டுகிற கதைகளில். பெரியவர்களுக்கென்று எழுதியதும் இளையோர் புத்தகம் போன்ற அட்டையோடு வருகிறது. ஆகவே நீங்களும் வாசியுங்கோ. பிள்ளைக்குத் தெரியாமல் பையைத் துழாவ வேண்டாம், “முடிச்சாப்பிறகு எனக்குத் தா” என்று கேளுங்கோ. ஆங்கிலம் கஷ்டமென்றால் பிள்ளையிடம் கதையைச் சொல்லச் சொல்லுங்கோ. சொல்லும்போது எந்த இடத்தில் குரல் தடக்குகிறதோ, அந்த இடத்தைக் கவனியுங்கோ. நித்திரையும் சாப்பாடும் விட்டு, சாவைப் பற்றியே கதைக்கிற பிள்ளைக்குப் புத்தகம் போதாது. அந்தப் பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும், திட்டக் கூடாது.

அந்தத் தாய் புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அடுத்த கிழமை மகள் வந்தாள். “ரீச்சர், அம்மா இஞ்ச தந்திட்டாவாம். இன்னும் நாப்பது பக்கம் கிடக்கு” என்றாள். கொடுத்தேன். பிறகு தாயும் வந்து, அதையே தனக்கும் கேட்டார். இப்போது அவரிடம்தான் இருக்கிறது.

பின்மேசையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். பதினொரு புத்தகம், இரண்டு மணிமேகலை உரைநடை. கொப்பியில் பெயரை எழுதிவிட்டு எடுங்கோ, திகதி போடத் தேவையில்லை. வெளியில் மழை இருட்டுது, ஷொப்பிங் பையும் வைத்திருக்கிறேன். நனையாமல் கொண்டு போங்கோ.