சாவி யாரிடம்? ஃபீனிக்ஸில் பிறந்த உணவு வங்கியின் கதை

[திரையில்: 1960களின் ஃபீனிக்ஸ் நகரம், கருப்பு வெள்ளைப் படம்]

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரம். அங்கே ஏழைகளுக்குச் சூப் ஊற்றும் ஓர் இலவசச் சாப்பாட்டுக் கூடம். அதில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொண்டு செய்துகொண்டிருந்தார். சாப்பிட வந்த ஒரு பெண்ணுக்குப் பத்துப் பிள்ளைகள், கணவர் மரண தண்டனைக் கைதி. பிள்ளைகளுக்கு எப்படிச் சாப்பாடு போடுகிறீர்கள் என்று இவர் விசாரித்தார். மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கும் குப்பைத் தொட்டியில் எடுக்கிறேன் என்றார் அந்தப் பெண். அதோடு இன்னொன்றும் சொன்னார். வேண்டாத உணவைக் கொண்டுவந்து போடவும், வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும் வங்கி மாதிரி ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

உணவு வங்கி என்ற பெயர் வந்தது இப்படித்தான். பெயர் வைத்தவர் நிபுணர் இல்லை, வரிசையில் நின்ற ஒரு தாய்.

[திரையில்: கடையின் பின்புறம், அட்டைப் பெட்டிகள், நசுங்கிய டின்கள்]

வான் ஹெங்கல் கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். உறைந்த உணவுகள், தளர்ந்த கேரட், நசுங்கிய டின்கள். விற்கத்தான் முடியாது, சாப்பிடலாம். நேரே செயின்ட் மேரிஸ் தேவாலயத்துக்குப் போய், இப்படி ஒரு வங்கியை நீங்கள் நடத்தக்கூடாதா என்று கேட்டார். அவ்வளவு அக்கறை இருந்தால் நீங்களே நடத்துங்களேன் என்று பதில் வந்தது. கையில் 3,000 டாலரும், சும்மா கிடந்த ஒரு கட்டடமும் கொடுத்தார்கள்.

ஊர்ச் சங்கத்தில் ஒரு யோசனை சொல்லப்போய், அதே கூட்டத்தில் செயலாளர் ஆகித் திரும்பியவர்கள் இங்கே கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.

செயின்ட் மேரிஸ் உணவு வங்கி 1967-இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 2.5 லட்சம் பவுண்டு உணவு கைமாறியது. நம் கணக்கில் நூறு டன்னுக்கு மேல்.

சரி, உணவு வங்கி என்றால் என்ன? பலரும் நினைப்பதுபோல அங்கே யாரும் இலை போட்டுப் பரிமாறுவதில்லை. அது மொத்த வியாபாரியின் குடோன் மாதிரி. கம்பெனிகளும் கடைகளும் விவசாயிகளும் தருவது லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். அங்கிருந்து தெருமுனைச் சில்லறைக் கடை போன்ற சின்னச் சின்ன மையங்களுக்குப் பிரிந்து போகும். இந்த மையங்களை அமெரிக்காவில் பேன்ட்ரி என்பார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளம், சமூகக் கூடம், பள்ளியில் ஓர் அறை என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும். இன்று நாடு முழுக்கச் சுமார் 200 உணவு வங்கிகள். அவற்றைச் சார்ந்து ஏறத்தாழ 60,000 பேன்ட்ரிகளும் உணவு மையங்களும் இயங்குகின்றன. இவற்றை இணைக்கும் அமைப்பையும் 1970களில் தொடங்கியவர் வான் ஹெங்கல்தான். அப்போது செகண்ட் ஹார்வெஸ்ட், 2008 முதல் ஃபீடிங் அமெரிக்கா.

[திரையில்: மேசையைச் சுற்றி முதியவர்கள் டின்களைப் பிரித்து அடுக்குகிறார்கள்]

அந்த அமைப்பு 2014-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டது. அதன் உணவுத் திட்டங்களில் பாதிக்குச் சற்று மேல், சம்பளத்துக்கு ஒருவர்கூட இல்லாமல் முழுக்கத் தொண்டர்களாலேயே நடக்கின்றன என்று அதில் தெரியவந்தது. உதவிக்கு வந்துபோகிற தொண்டர்களை மட்டும் சொல்லவில்லை. கதவைத் திறப்பது, கணக்கு எழுதுவது, இன்று யாருக்கு எத்தனை பை என்று முடிவு செய்வது எல்லாமே அவர்கள்தான்.

என்ன பெரிய வேலை, இருப்பதை எடுத்துக் கொடுப்பதுதானே என்று தோன்றும். ஒரு டின்னை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு தேதி அச்சிட்டிருக்கிறது, அது போன வாரம் முடிந்துவிட்டது. கொடுக்கலாமா, தூக்கிப் போடுவதா? அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு மட்டுமே தேதியைக் கட்டாயமாக்குகிறது. மற்றதில் பெரும்பாலும் அது, இதற்குள் சாப்பிட்டால் சுவை நன்றாக இருக்கும் என்று கம்பெனி தன் கணக்குக்குப் போட்டுக்கொள்வது. ஆக, தேதி தாண்டிய சோள டின் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் உப்பியிருந்தால் தொடவே கூடாது, உள்ளே கிருமி வளர்ந்திருக்கலாம். இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர் மேசைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்புறம் வழக்கு பயம். கொடுத்த உணவால் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் நம்மேல் கேஸ் போடுவார்களே என்று கடைக்காரர்கள் தயங்கினார்கள். 1996-இல் பில் எமர்சன் பெயரில் ஒரு சட்டம் வந்தது. நல்லெண்ணத்தோடு கொடுத்தவரையும் வாங்கிப் பகிர்ந்த அமைப்பையும் அது காக்கிறது. அப்பட்டமான அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தீங்கோ இருந்தால் மட்டும் பாதுகாப்பு கிடையாது.

பெரிய வங்கிகளில் சம்பளத்துக்கு மேலாளர், டிரைவர், கணக்காளர் எல்லாம் உண்டு. ஆனால் அந்த மேலாளரை நியமிப்பதும், ஆண்டு பட்ஜெட்டுக்குக் கை தூக்குவதும் போர்டு. அதில் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள்: ஒரு வக்கீல், ஓர் ஆடிட்டர், ஒரு பாதிரியார், சூப்பர் மார்க்கெட் நடத்தியவர். லாபம் என்று யாரும் பங்கு எடுக்கச் சட்டம் இடம் தராது. ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் 990 என்ற படிவத்தை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம்.

[திரையில்: வரைபடத்தில் ஐடஹோ நோக்கி நகரும் லாரி]

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். நாடு முழுக்க வரும் நன்கொடையை இந்த வங்கிகளுக்குள் எப்படிப் பங்கிடுவது? 2005 வரை ஒரு வரிசை இருந்தது. யார் முறையோ அவருக்கு அடுத்த லாரி. எடைதான் கணக்கு. ஒரு பவுண்டு பாஸ்தாவும் ஒரு பவுண்டு ஊறுகாயும் ஒன்றே. உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோவுக்கே உருளைக்கிழங்கு போகக்கூடிய ஏற்பாடு அது. போக்குவரத்துச் செலவோ வாங்குகிற வங்கியின் தலையில்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேனிஸ் பிரெண்டர்காஸ்ட் முதலான பேராசிரியர்கள் வங்கிகளை நடத்துபவர்களோடு உட்கார்ந்து மாற்று வழி யோசித்தார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு பொய்ப் பணம் கொடுத்துவிடுவது, அதைக்கொண்டு வேண்டியதை ஏலம் எடுத்துக்கொள்வது. ஓர் உணவு வங்கி இயக்குநர் கொதித்துவிட்டார். நான் சோஷலிஸ்ட், அதனால்தான் உணவு வங்கி நடத்துகிறேன், எனக்குச் சந்தையில் நம்பிக்கை இல்லை என்றார்.

என் கணக்கில் அந்தக் கூட்டத்துக்கு மிகவும் தேவைப்பட்ட ஆள் அவர்தான். பணக்காரன் ஜெயிப்பான் என்பதுதானே ஏலத்தின் மேல் நமக்கிருக்கும் சந்தேகம். வந்த விதிகளைப் பாருங்கள். பொய்ப் பணம் எல்லோருக்கும் சமமாக இல்லை, ஏழைகள் அதிகமுள்ள பகுதியின் வங்கிக்கு அதிகம். செலவான பணம் மறுபடி எல்லோருக்கும் பிரிந்து போகும். சின்ன வங்கிகள் கடன் வாங்கலாம். யாருக்கும் வேண்டாத சரக்கின் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கலாம், அதை எடுத்துக்கொள்பவருக்குப் பொய்ப் பணம் கூடும். நடந்தது என்ன? காய்கறி மலிவாகப் போனது, பாஸ்தாவும் காலை உணவுத் தானியமும் விலையேறின. காய்கறி ஏற்கெனவே குவிந்து கிடந்த வங்கிகள் கெடாத சரக்குக்குக் காசு சேர்த்தன. வரத்துக் குறைந்தவர்கள் மலிவுச் சரக்கை வாங்கி எடையைக் கூட்டிக்கொண்டார்கள்.

[திரையில்: பூட்டிய கதவு, அறிவிப்புத் தாள்]

இவ்வளவு நுணுக்கமாகக் கட்டியதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பேன்ட்ரித் தொண்டர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, வெளியே வரவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களும் அவர்கள்தான். பல பேன்ட்ரிகள் மூடப்பட்டன. அதே வாரங்களில் வேலை போனவர்களின் கார்கள் உணவு வங்கிகளின் வாசலில் நீண்ட வரிசையில் நின்றன. அரிசோனா உட்படப் பல மாநிலங்களில் ஆளுநர்கள் தேசியக் காவல் படையை வரவழைத்தார்கள். ராணுவச் சீருடையில் வந்த இளைஞர்கள் குடோனில் நின்று, அதுவரை பாட்டிகளும் தாத்தாக்களும் கட்டிக்கொண்டிருந்த பெட்டிகளைக் கட்டினார்கள்.