ஊரைப் பாட வைக்கும் சுருதி

வணக்கம், அன்பான நேயர்களே.

சங்கீத ஆசிரியை ஒருவரிடம் ஊர்க் கலைமன்றத்தின் பொறுப்பு வந்து சேருகிறது. வட இலங்கைச் சங்கீத சபையின் தரங்களைக் கடந்து கலாவித்தகர் பட்டம் பெற்றவர், பாடசாலையில் படிப்பிப்பவர். அத்தனை வருடப் பயிற்சியும் தன் குரலைச் செப்பம் செய்யத்தான். ஊரைப் பாட வைப்பது வேறு வேலை, அதன் முதல் பிழையும் சுருதியிலேயே, அதாவது பாட்டின் அடிப்படையான 'ஸ'வை எந்த உயரத்தில் வைப்பது என்பதிலேயே, நேர்கிறது.

சுருதியைக் கட்டையால் அளப்போம், எண் கூடினால் சுருதி உயரும். அவருக்கு வாய்த்தது ஐந்து, ஐந்தரைக் கட்டை. அதிலேயே தொடங்கிவிடுவார். பாட்டு மந்திர பஞ்சமத்துக்கு, அதாவது கீழ் ஸ்தாயியின் (ஏழு சுரங்களின் கீழ் அடுக்கின்) 'ப'வுக்கு, இறங்கினால் ஆண்களின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். பெண்களோடு மேல் ஸ்தாயியில் சேர்ந்து பாடப்போனால் தொண்டை கிழியும். இரண்டாம் வாரம் ஆண்கள் வரமாட்டார்கள். "ஆம்பிளையளுக்கு ஆர்வமில்லை" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவர்களை அனுப்பியது சுருதிப் பெட்டி.

பாட்டின் ஆகக் கீழான சுரத்தை முதலில் பாருங்கள். நடு ஸ்தாயியின் 'ஸ'வான மத்திய ஸட்ஜத்துக்குக் கீழே போகாத பாட்டென்றால் ஆறு கட்டை வையுங்கள். பெண்கள் இயல்பாகவும் ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழேயும் பாடலாம். மந்திர பஞ்சமத்தைத் தொட்டு, மேல் ஸ்தாயியின் 'ஸ'வான தார ஸட்ஜத்தோடு நிற்கும் பாட்டுக்கு ஒரு கட்டை போதும். பஞ்சமத்துக்கும் இறங்கி, அதற்கும் மேலே தார காந்தாரத்துக்கும் ஏறும் உருப்படியைப் பொதுமக்களுக்கு எடுக்கவே வேண்டாம். அது கச்சேரிக்கு உரியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும் பையன்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தாளத்தையும் நடு ஸ்தாயி வரிகளையும் அவர்களிடம் கொடுங்கள்.

வரியைச் சொல்லிக் கொடுக்கும் முறைக்கு நம் கடற்கரையிலேயே நல்ல பாடம் இருக்கிறது. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டில் ஒருவர் அடி எடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்குவார்கள். அடியின் நீளம் இழுப்பின் நீளம்தான். வலையின் பாரம் கூடினால் பாட்டின் வேகம் குறையும். வகுப்பிலும் நடுத்தரக் காலத்தில் ஆதி தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஓர் ஆவர்த்தத்துக்கு மேல் ஒரே தடவையில் கொடுக்கக் கூடாது. கொடுத்தபின் ஆசிரியை வாயை மூட வேண்டும். வாங்கிப் பாடுபவர்களோடு அவரும் சேர்ந்து பாடினால் அவர்கள் அவர் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

திருகோணமலையில் மன்றம் என்றால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகங்களும் வர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதற்கு இடமும் நேரமும் முக்கியம். கோவில் மண்டபத்தை விடப் பொது மண்டபம் நல்லது. சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகை நேரத்தையும் நோன்புகால மாலைகளையும் தவிர்த்து வகுப்பு வையுங்கள். சிங்களப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து அத்தோடு விட்டுவிடுவது பெரிய தவறு. கிராமத்தைக் குறிக்கும் சிங்களச் சொல் 'ga' என்ற மெல்லொலியில் தொடங்கும். தாளில் "கம" என்று இருந்தால் நம் பிள்ளை 'ka' என்று வல்லொலியாகவே பாடும். அம்மொழி பேசும் ஒருவர் வரிகளை மூன்று முறை வாசிக்க, பிள்ளைகள் கேட்டுச் சொன்ன பிறகே மெட்டுக்குப் போக வேண்டும்.

மாரி காலத்து ஈரத்தில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும்; கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் காய்ந்து ஏறும். ஆகவே வீட்டில் சுருதி சேர்த்துக்கொண்டு வந்தால் போதாது. பாடும் இடத்திலேயே அரை மணி நேரம் முன்னதாகச் சேர்க்க வேண்டும். கடற்கரை மேடையில் ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறை போடுங்கள், ஒலிபெருக்கியைப் பாடுபவர்களுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் கீச்சிடும்.

பணம் சிறியதானாலும் பற்றுச்சீட்டும் இருவர் கையொப்பமும் வேண்டும். மன்றத்தைப் பதிவு செய்வது பற்றிப் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

ஆறாவது வாரம் வந்ததும் ஒரு சோதனை. பல்லவியை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, சரணத்தில் ஆசிரியை பேசாமல் கையால் தாளம் போடட்டும். எந்த வரியில் குரல்கள் தடுமாறுகின்றனவோ, அந்த வரிதான் ஏழாம் வாரத்துப் பாடம்.

நன்றி, வணக்கம்.