வாக்குறுதியின் வினைச்சொல்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"யார் வந்தாலும் இப்படித்தான், சொல்வதெல்லாம் ஓட்டு வாங்கும்வரைதான்." தேர்தல் நெருங்கும் நாள்களில் வீட்டிலோ பணியிடத்திலோ பயணத்திலோ இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் இருக்க முடியாது. அப்படிச் சொல்பவரைப் பொறுப்பற்றவர் என்று கடிந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. அவருடைய கசப்புக்குக் காரணம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் காரணத்தின் ஒரு பகுதி தேர்தல் அறிக்கைகளின் மொழியிலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

பல ஆண்டுகளாகத் தேர்தல் அறிக்கைகளைத் தேடிப் படித்து வருகிறேன். ஓர் அறிக்கை கைக்கு வந்தால் தலைப்புகளையும் படங்களையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு வாக்கியமும் எந்த வினைச்சொல்லில் முடிகிறது என்று பார்ப்பேன். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அறிக்கையை மேடையில் வாசிக்கும்போது, "எல்லாருக்கும் வீடு", "வேலையில்லாத இளைஞர்கள் அனைவருக்கும் வேலை" என்ற சொற்களிலேயே கைதட்டல் எழுந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வரும் வினைச்சொல் அந்த ஓசையில் அமுங்கிப்போகிறது. ஆனால் வாக்குறுதி முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

'கட்டுவோம்', 'வழங்குவோம்', 'ரத்து செய்வோம்' என்பவை ஒரு வகை. ஐந்து ஆண்டு கழித்து, கட்டப்பட்டதா, வழங்கப்பட்டதா, ரத்தானதா என்று யாரும் கேட்கலாம். ஆம் அல்லது இல்லை என்ற விடை கிடைக்கும். 'பாடுபடுவோம்', 'ஆவன செய்வோம்', 'பரிசீலிப்போம்', 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்பவை வேறொரு வகை. பாடுபட்டார்களா இல்லையா என்பதை யார் அளப்பது? இத்தகைய வாக்குறுதியை நிறைவேற்றவும் முடியாது, மீறவும் முடியாது.

மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'வலியுறுத்துவோம்' என்பது அந்தச் சொல். இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, அதிகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் என்று பிரித்து வைத்திருக்கிறது. ரயில்வேயும் குடியுரிமையும் அயலுறவும் மத்தியப் பட்டியலில் உள்ளவை. சட்டமன்றத் தேர்தலில் நிற்கும் ஒரு கட்சி இவற்றைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடியது, மத்திய அரசை வலியுறுத்துவோம் என்பது மட்டுமே. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்பவரின் காதில் அது 'பெற்றுத் தருவோம்' என்றே விழுகிறது. பிரசார மேடைகளில் அப்படியே மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. பதவிக்காலம் முடியும்போது, "தீர்மானம் நிறைவேற்றினோம், கடிதம் எழுதினோம், சொன்னதைச் செய்தோம்" என்று கட்சி கூறுகிறது. "எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே" என்று வாக்காளர் கூறுகிறார். இருவர் சொல்வதும் உண்மை. இருவருக்கும் நடுவே நம்பிக்கை மட்டும் செத்துப்போகிறது.

அப்படியானால் எல்லாக் கட்சிகளும் தெளிவான வினைச்சொற்களையே எழுதிவிட்டால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாகப் பிரிட்டனில் நடந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். இதை நான் பலரிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ ஒன்று எனக்குப் புலப்படுகிறது.

2010ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்கு முன், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்பேன் என்ற உறுதிமொழி அட்டையைத் தேசிய மாணவர் சங்கம் தயாரித்து, வேட்பாளர்களிடம் கையொப்பம் கேட்டது. லிபரல் டெமாக்ரட் கட்சியின் தலைவர் நிக் கிளெக் உட்பட அக்கட்சியினர் பெருமளவில் கையொப்பமிட்டு, அட்டையைக் கையில் ஏந்திப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்த அட்டையில் 'பாடுபடுவேன்' என்ற சொல் இல்லை. எதிர்த்து வாக்களிப்பேன் என்று நேராக எழுதியிருந்தது. தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 57 இடங்களைப் பெற்ற லிபரல் டெமாக்ரட்டுகள், கன்சர்வேடிவ் கட்சியுடன் கூட்டணி ஆட்சியில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று, இங்கிலாந்தில் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பை ஏறத்தாழ 3,300 பவுண்டிலிருந்து 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அக்கட்சியில் 21 பேர் எதிர்த்தார்கள். அவர்களைவிடக் கூடுதலானோர் ஆதரித்து வாக்களித்தார்கள். 2012 செப்டம்பரில் கிளெக் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எதற்காகக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள்: நிறைவேற்ற முடியும் என்ற உறுதி இல்லாத ஒரு வாக்கைக் கொடுத்ததற்காக. 2015 தேர்தலில் அக்கட்சிக்கு எட்டே இடங்கள் கிடைத்தன.

வருமான வரி விலக்கு வரம்பை 10,000 பவுண்டாக உயர்த்துவோம் என்று அதே கட்சி அதே தேர்தலில் சொல்லியிருந்தது. அதே கூட்டணி ஆட்சி 2014இல் அதைச் செய்துமுடித்தது. அதை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கையொப்பமிட்ட அட்டையின் படந்தான் நினைவில் நிற்கிறது.

கட்சிகள் இதிலிருந்து தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ளும் என்பதுதான் என் கவலை. தெளிவாகச் சொன்னால் மாட்டிக்கொள்வோம், 'ஆவன செய்வோம்' என்று எழுதினால் தப்பித்துக்கொள்வோம் என்று ஒரு கட்சி முடிவெடுத்தால், அதன் அறிக்கையில் வாக்காளர் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. பிடித்துக் கேட்க ஒன்றும் இல்லாத இடத்தில்தான் சலிப்பு வளர்கிறது. ஏமாற்றப்பட்டவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தவர் வாக்குச்சாவடிக்குப் போய்த் தண்டிப்பார். எதையும் அளக்க முடியாதவரோ வீட்டிலேயே இருந்துவிடுவார். அவநம்பிக்கையையும் அக்கறையின்மையையும் நான் ஒன்றாகக் கருதாததற்கு இதுவே காரணம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 12 நாடுகளில், 57 தேர்தல்களில் அளிக்கப்பட்ட 20,000க்கும் மேற்பட்ட வாக்குறுதிகளை ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து சரிபார்த்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தனித்து ஆளும் கட்சிகள், கூட்டணியில் ஆளும் கட்சிகளைவிடக் கூடுதலாகச் சொன்னதைச் செய்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே வாக்குத் தவறுவதற்கெல்லாம் நேர்மையின்மையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதிகாரம் யார் கையில், பணம் எங்கிருந்து வரும், யாருடைய சம்மதம் தேவை என்ற கேள்விகள் வாக்குறுதிக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன.

இந்தக் கேள்விகளைத் தேர்தலுக்கு முன்பே வெளியில் எடுத்து வைக்கும் முயற்சிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. நெதர்லாந்தில் 1986 முதல், மத்தியத் திட்டமிடல் ஆய்வகம் என்ற அரசு சார்ந்த அமைப்பு, தாமாக முன்வரும் கட்சிகளின் அறிக்கைகளை வாங்கி, அவற்றுக்கு எவ்வளவு செலவாகும், வரவுசெலவுத் திட்டம் என்னவாகும் என்று கணக்கிட்டுத் தேர்தலுக்கு முன் வெளியிட்டு வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2012இல் தொடங்கப்பட்ட நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகமும் கட்சிகளின் திட்டங்களுக்குச் செலவுக் கணக்கிட்டுத் தருகிறது. இந்தியாவில், தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. வாக்குறுதிக்கான காரணத்தையும், அதற்குரிய நிதியைத் திரட்டும் வழியையும் பொதுவாகவேனும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்பது அவ்வாறு உருவான நெறிகளுள் ஒன்று. பொதுவாகவேனும் என்ற சொல் எனக்குப் போதாது. தொகையும் ஆண்டும் எழுதப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

கடிகாரம் விரைந்து ஓடிவிட்டது. கட்டாய வாக்களிப்பைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் அறுபது விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். 1924இல் வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் வாக்குப்பதிவு தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியது. சட்டம் மக்களைச் சாவடிக்கு அழைத்துவரும். அறிக்கையில் உள்ள வினைச்சொல்லை அது மாற்றுமா என்பது தனிக் கேள்வி. நோட்டா பற்றியும் ஒரு சொல்: 2013 முதல் இந்திய வாக்குப்பதிவு இயந்திரத்தில் அந்தப் பொத்தான் இருக்கிறது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அதற்கு எத்தனை வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் கூடுதல் வாக்கு பெற்றவரே வெற்றி பெறுவார். இதை அறிந்தே அதை அழுத்துபவரை அக்கறையற்றவர் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்த முறை வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வந்தால், அவர் தரும் தாளை வாங்கி, ஒரே ஒரு வாக்கியத்தை இறுதிவரை படியுங்கள். அதன் கடைசிச் சொல்லைச் சுட்டிக்காட்டி, "இதை எந்த ஆண்டுக்குள் செய்வீர்கள், அதற்குரிய அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை அந்தத் தாளிலேயே தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.