பழைய வீட்டு டிபி பாக்ஸை மாற்றப் போகிறீர்களா?

வணக்கம் நேயர்களே. வீட்டிலிருந்து கேட்பவர்கள், வாசல் கதவுக்கு மேலேயோ மாடிப்படிக்குக் கீழேயோ இருக்கும் டிபி பாக்ஸ் என்று சொல்லும் உங்கள் லெட்ரிக் போர்டைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். காரோட்டுபவர்கள் வீடு போய்ச் சேர்ந்தபின் பார்த்தால் போதும். மூடி போட்ட பெட்டிக்குள் சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றனவா, அல்லது மரப்பலகையில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகளா? செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும், பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கமும் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பலகை நன்றாகத் தெரியும். 1990இல் தெனாகா நேஷனல் வருவதற்கு முன், லெம்பாகா லெட்ரிக் நெகாரா காலத்தில் வயரிங் செய்த வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

அன்றைக்கு அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது நாலைந்து விளக்கு, காற்றாடி, ரேடியோ, ஒரு அயர்ன் பெட்டி. இன்றைக்குக் குளியலறை வாட்டர் ஹீட்டர் ஒன்றே 3.6 கிலோவாட். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். காலையில் இரண்டு குளியலறையிலும் ஹீட்டர் ஓடி, அடுப்படியில் கெத்தலும் கொதித்தால் 40 ஆம்பியரைத் தாண்டிவிடும். மெயின் பியூஸ் பெரும்பாலும் 60 ஆம்பியர்தான்.

அதனால் போர்டை மாற்றுகிறோம். நல்லது. ஆனால் பளபளவென்று புதுப் பெட்டி வந்ததும் வீடு பத்திரமாகிவிட்டது என்று நினைக்கிறோமே, அதுதான் எனக்குக் கவலை. பெட்டி பாதி வேலை. பின்னால் ஓடும் வயரும், மண்ணுக்குள் இறங்கும் எர்த்தும் மீதிப் பாதி.

முதலில் வயர். மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு அந்தப் பீங்கான் கட்டை ஒன்றை வயர்மேன் உருவும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். 5 ஆம்பியர் பியூஸ் கம்பி தலைமுடி போல 0.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 15 ஆம்பியருக்கு 0.5, 30 ஆம்பியருக்கு 0.85. ஆனால் பல கட்டைகளில் இருப்பது பியூஸ் கம்பியே இல்லை. 2.5 வயரை, அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை, சீவி எடுத்த ஒரு செம்பு இழை. அந்த இழை 0.67 மில்லிமீட்டர், அதாவது 20 ஆம்பியர் பியூஸ் கம்பியை விடத் தடிப்பு. அது 5 ஆம்பியர் விளக்குக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. சில இடங்களில் இரண்டு இழையை முறுக்கியே போட்டிருப்பார்கள். அப்படியானால் பியூஸ் போகாது, வயர்தான் கருகும். கட்டைக்குள் பீங்கான் கறுத்திருந்தால், அந்த லைன் முன்பே பலமுறை சூடேறியிருக்கிறது என்று அர்த்தம்.

இதே தவறு புதுப் பெட்டியிலும் நடக்கிறது. 20 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் அந்தச் சின்ன சுவிட்ச், அடிக்கடி விழுகிறது என்று சொன்னால், வந்தவர் 32 போட்டுவிட்டுப் போய்விடுவார். அதன்பின் விழாது, வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் சுவருக்குள் குழாயில் ஓடும் 2.5 வயர் தாங்குவது 20லிருந்து 24 ஆம்பியர் வரைதான். இரண்டு பக்கமும் சுற்றி வந்து பெட்டியில் முடியும் ரிங் லைனாக இருந்தால் 32 சரி. ஒற்றையாக ஓடும் லைனுக்கு 20தான் எல்லை. விளக்குக்கு 1.5 வயர், 6 அல்லது 10 ஆம்பியர். ஹீட்டருக்குத் தனி லைன், 4 வயர், 20 ஆம்பியர். எம்சிபி விழுந்தால் லோடைக் குறையுங்கள், லைனைப் பிரியுங்கள். எண்ணை மட்டும் கூட்டாதீர்கள்.

இப்போது எர்த். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் நாட்டு வீடுகளில் எர்த் என்பது தெனாகா கொடுப்பது இல்லை. உங்கள் வீட்டு ஓரத்து மண்ணில் அடித்த செம்பு பூசிய கம்பிதான் உங்கள் எர்த். அந்தக் கம்பியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம், அது நல்ல எர்த்தான். ஹீட்டருக்குள் லைவ் வயர் உரிந்து இரும்பு உடம்பில் பட்டுவிட்டது. எவ்வளவு கரண்ட் மண்ணுக்குப் போகும்? 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 30 ஆம்பியர் பியூஸ் அதற்கு அசையவே அசையாது. 20 ஆம்பியர் எம்சிபியும் உடனே விழாது, நெடுநேரம் தாங்கும். அத்தனை நேரமும் எர்த்தோடு சேர்ந்த ஒவ்வொரு இரும்பிலும் கரண்ட் நிற்கும், வாஷிங் மெஷின் உட்பட. திரும்பவும் சொல்கிறேன்: நல்ல எர்த்தும் நல்ல பியூஸும் இருந்தாலும் நம் வீட்டில் ஆளைக் காப்பாற்ற அது போதாது. அதற்குத்தான் ஆர்சிசிபி, நம் ஆட்கள் இன்னும் இஎல்சிபி என்று சொல்கிறார்களே, அது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றாக இல்லையென்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது விழுந்துவிடும்.

ஆர்சிசிபி இருக்கிறதே, எர்த் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. எர்த் நன்றாக இருந்தால் பழுது வந்த உடனே விழும். எர்த் இல்லையென்றால் நீங்கள் தொட்டபின்தான் விழும். ஆகவே போர்டு மாற்றும் அன்றே எர்த் கம்பியின் தடையையும் எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். 10 ஓமுக்கு மேல் வந்தால் இன்னொரு கம்பியைத் தள்ளி அடித்து இரண்டையும் இணைக்கலாம். கார் நிறுத்த சிமெண்ட் போட்டபோது பழைய கம்பியை வெட்டிப் புதைத்த வீடுகள் உண்டு, அதையும் தேடிப் பாருங்கள். இன்னொன்று, பழைய இஎல்சிபியில் பச்சை வயர் உள்ளே நுழைந்து வெளியே எர்த்துக்குப் போவதைப் பார்த்தால், அது வோல்ட்டேஜ் பார்த்து வேலை செய்யும் பழைய வகை. தண்ணீர்க் குழாய் வழியாகக் கரண்ட் மண்ணுக்கு ஓடினால் அதற்குத் தெரியாமலே போகலாம். அதைக் கழற்றிப் போட வேண்டியதுதான்.

எவ்வளவு கரண்ட் கசிந்தால் ஆர்சிசிபி விழ வேண்டும் என்பதற்கு 1994ஆம் ஆண்டு மின்சார விதிகள் மூன்று அளவு சொல்கின்றன. பொதுவாக 100 மில்லிஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாமான்களுக்கு 30, தரை நனையும் இடத்துக்கு 10. ஆகவே பிளக் பாயிண்டுக்கு 30, குளியலறை ஹீட்டருக்கு 10. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால், ஹீட்டரில் சின்னப் பழுது வந்தாலும் மூன்றும் சேர்ந்து விழுந்து வீடே இருட்டாகலாம். மெயின் சுவிட்சிலிருந்து மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் என் விருப்பம். கிளாங் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த இடங்களில் ஒன்று. தீபாவளிக்கு ஊருக்குப் போன நேரம் இடிக்கு ஆர்சிசிபி விழுந்தால் பிரிட்ஜில் உள்ளதெல்லாம் கெட்டுவிடும். பிரிட்ஜுக்கு எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்த ஆர்சிபிஓ ஒன்றைத் தனியாகப் போடுங்கள். மின்னலால் வரும் அதிக வோல்ட்டேஜை மண்ணுக்குத் திருப்பிவிடும் எஸ்பிடிக்கும் பெட்டியில் இடம் விடச் சொல்லுங்கள்.

மூன்று ஆர்சிசிபி என்றால், கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயர்களைத் திருகும் கட்டையும் மூன்று. எல்லாக் கறுப்பு நியூட்ரல் வயரையும் பழையபடி ஒரே கட்டையில் திருகினால், ஹீட்டரைத் தட்டியதும் ஆர்சிசிபி விழும். அதேபோல மாடிப்படி விளக்கின் லைவ் கீழ் லைனிலிருந்தும் நியூட்ரல் மேல் லைனிலிருந்தும் வருவது பழைய வீட்டில் சகஜம். அந்த இரண்டு லைனும் வேறு வேறு ஆர்சிசிபியில் போனால், படி விளக்கு போடும்போது மட்டும் விழும். காரணம் தேடப் பொறுமையில்லாதவர் ஆர்சிசிபியை ஒதுக்கி நேராக வயர் கொடுத்துவிடுவார். பெட்டி பார்க்க அப்படியேதான் இருக்கும். அதனால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஆர்சிசிபியிலும் டெஸ்ட் பொத்தானை உங்கள் கையால் அழுத்துங்கள். அது விழ வேண்டும், அதன் கீழ் உள்ள அத்தனையும் அணைய வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

நேரம் நெருங்குவதாகச் சைகை காட்டுகிறார்கள், மீதியை வேகமாகச் சொல்கிறேன். மீட்டரிலும், மெயின் பியூஸ் இருக்கும் கட்-அவுட்டிலும் தெனாகாவின் சீல் இருக்கும், அதை யாரும் உடைக்கக் கூடாது. எரிசக்தி ஆணையமான சுருகான்ஜாயா தெனாகாவில் பதிந்த குத்தகையாளரையே கூப்பிடுங்கள். சாமான்களில் சிரிம் தர முத்திரை இருக்கட்டும். பழைய ரப்பர் உறை வயரை, உறையின் தடையை அளக்கும் மெகரில் 500 வோல்ட் வைத்துச் சோதிக்க வேண்டும், 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த லைனைப் புதிதாக இழுக்க வேண்டும். வேலை முடிந்ததும் வேலை முடிந்ததற்கான போராங் ஜி, சோதனை செய்ததற்கான போராங் எச் இரண்டும் உங்கள் கைக்கு வரட்டும்.

த்ரீ ஃபேஸ், அதாவது மூன்று லைவ் வயரில் வரும் சப்ளை பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒரே விஷயம்: ஒற்றை லைவ் வயரில் வரும் சிங்கிள் ஃபேஸ் 12 கேவிஏ வரைதான். மின்சாரக் காருக்கு 7 கிலோவாட் சார்ஜர் போட்டால் அது மட்டுமே 30 ஆம்பியரைத் தாண்டும். அப்படி யோசனை இருந்தால், சிங்கிள் ஃபேஸ் பெட்டியை வாங்குவதற்கு முன்பே குத்தகையாளரிடம் சொல்லிவிடுங்கள். த்ரீ ஃபேஸுக்கு மெயின் வயர், பெட்டி, மீட்டர் எல்லாமே வேறாகும். நன்றி, வணக்கம்.